இருபத்தெட்டு நாள் மொட்டை

தலையில் முள் இல்லை.

கோகிலாம்பாள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காய்ச்சல் பார்ப்பவள்போலச் சுமதியின் நெற்றியில் கை வைத்தாள். விரல்களை மெல்ல மேலே நகர்த்தி உச்சந்தலைவரை கொண்டுபோனாள். கொதித்தது, ஆனால் உரசவில்லை. மழித்த தலை நாலாம் நாளே உள்ளங்கையைக் குத்தும். இவள் இருக்கன்குடி கோவிலில் மொட்டை போட்டு இன்றோடு இருபத்தெட்டு நாள். அதே நாள் அதே நாவிதரிடம் தலையைக் கொடுத்த அவள் புருஷனின் அண்ணன் ராஜகுருவுக்கு அரை விரற்கடை முடி கருகருவென்று நிற்கிறது. இவள் தலை மட்டும் இன்று காலை மழித்ததுபோல வழவழவென்றிருந்தது.

சொல்லாதே, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னால் அது செய்தி. செய்தி என்று ஆனதும் யாராவது ஒருவர் அதை ஒளிக்கத் தொடங்குவார்.

அருப்புக்கோட்டையில் அவளுக்கு லேப்பம்மா என்று பெயர். இருபது வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குனிந்திருந்தவள். அந்தக் கண் கெட்டுப்போகவில்லை என்பதால், போலீசுக்குப் போகப் பிடிக்காத குடும்பங்கள் இப்போது தங்கள் சந்தேகங்களை அவளிடம் கொண்டுவந்தன. ஜவுளிக்கடை ராஜகுருவும் அப்படித்தான் வந்தார். தம்பி மனைவி சுமதிக்கு வீட்டில் யாரோ எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள், சமையல்காரி அழகுத்தாய் மேல்தான் சந்தேகம், நிரூபித்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

"வாய் தெறங்கம்மா."

சுமதி திறந்தாள். உதட்டின் உள்பக்கமெல்லாம் புண். ஈறில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. முழங்கைக்குக் கீழே கடுகு தெளித்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள். முப்பது வயசுக்காரி.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ராஜகுருவின் மனைவி சண்முகவடிவு, முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே நாளில் மொட்டை போட்டவள். வலது கையால் துணியை நனைத்துச் சுமதியின் உதட்டைத் துடைத்துவிட்டாள். பதினாறு நாளாகப் பகலில் அவள்தான் துணை. வீரசோழனில் கிளைக்கடை பார்க்கும் சுமதியின் புருஷன் பாண்டிராஜ் கடைசி பஸ்ஸுக்கு வந்து ராத்திரி தங்குவான்.

"நாளைக்கு மதுரைக்கு அனுப்புறேன்," என்றார் டாக்டர் ஆனந்தகுமார், நாலு பரிசோதனைச் சீட்டுகளைக் கோகிலாம்பாளிடம் நீட்டியபடி. "முதல்ல டைபாய்டுன்னு நினைச்சோம். இல்லை. வெள்ளையணு போற போக்கைப் பார்த்தா பயமா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே இறங்குனா, சாதாரணச் சளி வந்தாலும் தாங்கமாட்டாக. என்ன உள்ள போச்சுன்னு தெரிஞ்சா நிறுத்தலாம். தெரியலையே."

சுமதியின் கண் டாக்டரையும் கோகிலாம்பாளையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, யாரும் பார்க்காத நொடி என்று நினைத்துக்கொண்டு, அவள் தலையணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

*

ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த டீக்கடையில் சங்கையா காத்திருந்தான். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பயணிகளைவிட அதிகம் பேசுகிறான் என்று முதலாளி நிறுத்திவிட்ட பிறகு, அந்தப் பேச்சையும் ஒரு டி.வி.எஸ். ஐம்பதையும் கோகிலாம்பாளிடம் கொண்டுவந்து சேர்த்திருந்தான்.

சீட்டுகளை வாங்கித் தலைகீழாகப் பார்த்தான். "எங்க முதலாளி பஸ்ஸு மாதிரியே இருக்கு யக்கா. நாளுக்கு நாள் கூட்டம் கொறையுது."

"நேராப் பிடி. வெள்ளையணு ரெண்டாயிரத்து இருநூறு, ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து இருநூறு, இன்னைக்கு எண்ணூறு. தட்டணுவும் இறங்குது. சிவப்பு மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிக்குது. ஏன்?"

"அது நீங்க சொல்லணும். நான் டிக்கெட் கிழிச்சவன்."

"ராஜகுரு கடையை நெனச்சுக்கோ. ரத்தத்துல ஓடுறதெல்லாம் கடையில இருக்குற சரக்கு. சரக்கு உற்பத்தியாகுற குடோன் எலும்புக்குள்ள இருக்கு. மஜ்ஜை. ஒருநாள் குடோன்ல தீப்பிடிச்சிருச்சு. கடை தெறந்துதான் இருக்கு. மொதல்ல எது தீரும்?"

சங்கையா யோசித்தான். "அன்னன்னைக்கு விக்கிறது. கைக்குட்டை, ஜட்டி."

"வெள்ளையணு. ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆயுசு. அடுத்து?"

"துண்டு, கைலி."

"தட்டணு. பத்து நாள். ரத்தம் கசியாம அடைக்கிறது அதுதான். கடைசியில?"

"கல்யாணப் பட்டு. நாலு மாசம் அலமாரியில தூங்கும்."

"சிவப்பணுவுக்கும் அதே நாலு மாசம். பட்டு இன்னும் அலமாரியில இருக்கு சங்கையா. அப்ப குடோன் எரிஞ்சு அதிக நாள் ஆகலை."

"ஆத்தீ! சாம்பலைப் பாக்காமலே தீ வச்ச தேதி சொல்றீக." கிளாஸைக் கீழே வைத்தான். "அரளி விதைதான்னு ராஜகுரு சத்தியம் பண்றாரே?"

"அரளி நெஞ்சைப் பிடிக்கும், குடோன் பக்கம் போகாது. அரளி தின்னா மொட்டைத் தலை முளைக்காம நிக்குமா? வாய்ப்புண், முடி, ரத்தம். இந்த மூணுக்கும் என்ன ஒத்துமை? உடம்புல ஓயாமப் பெருகிக்கிட்டே இருக்குற இடங்க இவை. வேகமாப் பெருகுறதைத் தேடி அடிக்கிற ஒரு வகை மருந்து இருக்கு. கெட்டதை அடிக்கத்தான் குடுக்காக. ஆனா அதுக்கு ஆள் தெரியாது. பெருகுற எதையும் அடிக்கும்."

"எங்க செக்கிங் இன்ஸ்பெக்டரு. டிக்கெட் எடுத்தவனையும் சேத்து இறக்கிவிடுவான்." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "எந்த வியாதிக்கு யக்கா குடுக்காக?"

கோகிலாம்பாள் சீட்டுகளை அவனிடமிருந்து வாங்கி மடித்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கண்ணாடிச் சில்லில் அவள் பார்த்தது தன் புருஷனின் ரத்தம். இருக்கக் கூடாத அணுக்கள், கூட்டம் கூட்டமாக. அவரிடம் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அவர் ஒரு சாயங்காலம் கேட்டார்: நீதானே பாத்தே, என்ன இருந்துச்சு? கண்ணாடியில தூசி, என்றாள். அவர் தலையாட்டினார். நம்பியதாலா, அவளைக் காப்பாற்றுவதற்காகவா என்பது இன்றுவரை தெரியாது.

"புத்துநோய்க்கு," என்றாள்.

சங்கையா தன்னையறியாமல் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அந்த வீட்டுல யாருக்கும் அது இல்லையே."

"இல்லைன்னுதான் சொல்றாக. வண்டியை எடு, பாளையம்பட்டியில அவுக வீட்டுக்குப் போவோம்."

*

ராஜகுரு வீட்டு முன்கூடத்தில் கல்யாணப் பத்திரிகைகள் மஞ்சள் தடவி அடுக்கப்பட்டிருந்தன. மூத்த மகள் தங்கச்செல்விக்கு ஆவணிக் கடைசி முகூர்த்தம். பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"அஞ்சு மணிக்கு ஏட்டையா ஆஸ்பத்திரிக்கு வாராரு," என்றார் ராஜகுரு. புதிதாக முளைத்த முடியைத் தடவிக்கொண்டே பேசினார். "விவரம் தெரிஞ்சவுக நீங்க. அரளின்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டா அந்தப் பொம்பளையக் கூட்டிட்டுப் போயிருவாக. கல்யாண வீட்டுல இந்தப் பேச்சு இழுத்துக்கிட்டே கெடக்கக் கூடாது."

"அரளி இல்லைங்க."

"பின்ன என்ன?"

"அஞ்சு மணிக்குச் சொல்றேன்."

கிணற்றடியில் அழகுத்தாய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருச்சுழிப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை. கடையில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவனைக் காவலுக்கு உட்காரவைத்திருந்தார்கள். அவன் தூங்கிவிட்டிருந்தான்.

"ஓடிப்போறதுன்னா இந்நேரம் திருச்சுழி போயிருக்கலாமேத்தா," என்றான் சங்கையா.

"போனா நான்தான் செஞ்சேன்னு ஆகிப்போகுமே." அவள் நிமிர்ந்தாள். "லேப்பம்மா, நான் காய்ச்சுன கஞ்சியத்தான் நானும் குடிச்சேன். சட்டியத் தனியா வச்சா சமைக்கேன்?"

அவள் கொண்டை கனமாக இருந்தது. உதடு சுத்தமாக இருந்தது. கோகிலாம்பாள் அதற்குமேல் கஞ்சியைப் பற்றிக் கேட்கவில்லை.

"சுமதிக்கும் பெரியவுகளுக்கும் எப்படி?"

"சண்டை கெடையாதும்மா. ஆனா பெரியக்கா என்ன செஞ்சாலும் சின்னக்காவும் செஞ்சாகணும். அவுக பச்சைல சேலை எடுத்தா இவுகளுக்கும் பச்சை. சித்திரையில பெரியக்காவுக்கு மதுரையில கர்ப்பப்பை ஆப்பரேசன் நடந்துச்சா, நல்லபடியா எந்திரிச்சதுக்கு இருக்கன்குடியில முடி எறக்குறேன்னு வேண்டிக்கிட்டாக. பெரிய மொதலாளியும் கூட வேண்டிக்கிட்டாரு. உடனே இவுகளும் ஒக்காந்துட்டாக. பலன் அக்காவுக்கு மட்டும் போயிருமாம்." குரல் இறங்கியது. "ரெண்டு தடவ உண்டாகித் தங்கலைம்மா சின்னக்காவுக்கு. அதான் அந்த வேகம்."

"பெரியவுக மருந்து மாத்திரை ஏதும் சாப்பிடுறாகளா?"

"நான் பாத்ததில்ல. காலையில பூசை ரூம்ல கதவ ஒருக்களிச்சுக்கிட்டு, சாமி முன்னால நின்னு என்னமோ எடுத்து வாயில போட்டுக்குவாக. கேட்டா திருநீறும்பாக."

அந்த நேரம் டவுன் பஸ்ஸில் வந்திறங்கிய சண்முகவடிவு அடுக்களைக்குள் நுழைந்தாள். சுமதிக்குக் கஞ்சி எடுத்துப்போக வந்திருந்தாள். பிளாஸ்க் மேல்தட்டில் இருந்தது. வலது கையை உயர்த்தினாள். தோளளவு வந்ததும் கை நின்றுவிட்டது. முகம் ஒரு கணம் சுளித்தது. இடது கையால் எட்டினாள். முக்காட்டைப் பிடித்திருந்த கை அதுதான். சேலை சரிந்தது.

கோகிலாம்பாள் நிலைப்படியில் நின்று பார்த்தாள். அந்தத் தலையிலும் முள் இல்லை.

சண்முகவடிவு அவசரமாகச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வெயிலுக்குத் தலை எரியுது," என்றாள், யாரும் கேட்காமலே.

கர்ப்பப்பை எடுத்தவளுக்குக் கை ஏன் தூக்க வரவில்லை? அதையும் கோகிலாம்பாள் வாய்விட்டுக் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டது. மார்பை எடுத்து, அக்குளில் கத்தி வைத்தால்தான் கை அந்த உயரத்தில் நிற்கும். முடி கொட்டுவதை ஊர் பார்க்காமலிருக்கக் கோவிலில் கொண்டுபோய் மழித்துவிட்டார்கள். சாமிமேல் பழியைப் போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

*

"ரெண்டு மொட்டையும் ஒரே மருந்தா?" வண்டியை ஓட்டிக்கொண்டே சங்கையா கத்தினான். காற்று பாதியைத் தின்றது. "அப்ப பெரியம்மா ஏன் நடமாடுறாக, சின்னம்மா ஏன் படுத்துட்டாக?"

"பெரியம்மாவுக்கு டாக்டர் குடுக்காக. பதினாலு நாள் மாத்திரை, பதினாலு நாள் ஓய்வு. காட்டைத் தரிசு போடுற மாதிரி. அந்த ஓய்வுல மஜ்ஜை மறுபடி முளைச்சுக்கிடும். ரத்தம் பாத்துட்டுத்தான் அடுத்த தவணை. சின்னவளுக்குத் தரிசும் இல்ல, கணக்கும் இல்ல."

"அப்ப அந்தம்மாதான் கலந்து குடுத்தது! சோலி முடிஞ்சது. எறங்குற ஸ்டாப்பு வந்துருச்சு."

"வண்டியை நிறுத்து."

அவன் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினான். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. மழைக்கு இன்னும் ஒரு மாசம். கோகிலாம்பாள் சீட்டுகளை மறுபடி எடுத்தாள்.

"வீட்டைவிட்டு வந்து பதினாறு நாள் ஆச்சு. வீட்டுல குடுத்தது வீட்டோட நின்னிருந்தா, இந்நேரம் வெள்ளையணு லேசா ஏறத் தொடங்கியிருக்கணும். ஏறலை. நேத்தைவிட இன்னைக்கு இறங்கியிருக்கு. தீ இன்னும் எரியுது சங்கையா. ஆஸ்பத்திரிக்குள்ள."

அவன் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. "அழகுத்தா ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை. பகல் பூரா கூட இருக்கிறது பெரியம்மாதான். பிளாஸ்க்கும் அவுக கையிலதான்."

"ஆமா."

"இப்ப கஞ்சியோட கெளம்பியிருப்பாக."

"அதான். வேகமாப் போ."

இவளாக இருக்கக் கூடாது என்று கோகிலாம்பாள் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். துப்புத் துலக்குகிறவளுக்கு ஆசை இருக்கக் கூடாது. ஆனாலும் அந்தக் கை உயராமல் நின்ற உயரம் அவள் தோளிலேயே வலித்தது.

*

அவர்கள் போனபோது சண்முகவடிவு டம்ளரில் கஞ்சியை ஊற்றிவிட்டிருந்தாள். சுமதி இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையை அசைத்தாள். புண் எரிந்தது. கோகிலாம்பாள் கை நீட்டுவதற்குள், சண்முகவடிவு மிச்சத்தைத் தன் வாயில் கவிழ்த்துக்கொண்டாள். ஒரு சொட்டு விடாமல்.

"வீணாக்குனா பாவம்," என்றாள்.

சங்கையா கோகிலாம்பாளின் காதருகே முணுமுணுத்தான். "என் கேஸு கஞ்சியிலேயே கரைஞ்சு போச்சு யக்கா."

பிளாஸ்க்கில் இல்லை. நர்ஸ் கொடுக்கும் மருந்து எல்லாருக்கும் கொடுப்பது. பாண்டிராஜுக்கு அந்த மாத்திரை இருப்பதே தெரிந்திருக்காது. பின் யார்? கோகிலாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சண்முகவடிவு டம்ளர் கழுவ வெளியே போனாள்.

சுமதியின் கை தலையணைக்கு அடியில் போயிற்று. மஞ்சள் துணியில் தைத்த ஒரு சுருக்குப்பையை எடுத்தாள். இருக்கன்குடித் திருநீறு. எந்த நர்ஸும் தொடமாட்டாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. இரண்டு விரலால் எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வலியோடு விழுங்கினாள். அழகுத்தாய் சொன்னது கோகிலாம்பாளுக்கு நினைவு வந்தது.

சாமி முன்னால நின்னு என்னமோ எடுத்து வாயில போட்டுக்குவாக.

திருநீறு நாக்கில் கரையும். விழுங்கத் தொண்டை அசைய வேண்டியதில்லை.

கோகிலாம்பாள் எழுந்து கட்டிலருகே போனாள். அதட்டவில்லை. "சுமதி, அக்கா சாப்பிடுறதுதானே இது?"

கண் திறந்தது. பயம், பிறகு வெட்கம், பிறகு ஒரு சின்னப் பிடிவாதம். பையை விடவில்லை. கோகிலாம்பாள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக் காத்திருந்தாள். விரல்கள் தாமாகத் தளர்ந்தன. சாம்பலுக்குள் வெள்ளை மாத்திரைகள், ஒன்பது.

"மதுரையில இருந்து வாங்கிட்டு வாராக," சுமதி வாயைத் திறக்காமலே பேசினாள். "டப்பாவுல சத்து மாத்திரைன்னு போட்டிருக்கு. ஒளிச்சு ஒளிச்சு வைக்காக. அத்தான் அக்காவுக்கு மட்டும் குடுக்காரு. அக்காவுக்கு ரெண்டு பிள்ளை இருக்கு. சத்து வேணும்னா எனக்குத்தானே வேணும்? யாருக்காச்சும் தோணுச்சா?" மூச்சு வாங்கினாள். "இங்க வந்து படுத்ததும் கூட ரெண்டு சேத்துப் போட்டேன். சீக்கிரம் எந்திரிக்கலாம்னு."

சங்கையா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வீட்டில் யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. ஒரு பெயரை உச்சரிக்கப் பயந்து வேறு பெயர் ஒட்டினார்கள். ஒட்டிய பெயரை ஒருத்தி நம்பினாள்.

"இது சத்து இல்லம்மா," என்றாள். "இனிமே தொடாதே. நிறுத்திட்டா உடம்பு தானா முளைச்சுக்கிடும். முடியும் முளைக்கும்."

"பிள்ளை?"

தூசி என்று சொன்ன நாக்குதான் இதுவும். "தெரியலை," என்றாள். "டாக்டர்கிட்ட கேக்கணும். கேட்டுச் சொல்றேன்."

சங்கையாவைப் பார்த்தாள். "டாக்டரை உடனே வரச்சொல்லு."

*

வராந்தா குழாயடியில் சண்முகவடிவு டம்ளரைக் கழுவிக்கொண்டே நின்றாள். கழுவி முடித்து வெகுநேரமாகியிருந்தது. கோகிலாம்பாள் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

சண்முகவடிவு ஆச்சரியப்படவில்லை.

அதுதான் கோகிலாம்பாளைத் திடுக்கிடச் செய்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக.

குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சண்முகவடிவு அதை மூடினாள்.

"ஆனி மாசமே எண்ணிக்கை கொறஞ்சுச்சு. எலி இழுத்துட்டுப் போகுதுன்னு நெனச்சேன். ஆடியில ஒருநா அவ பூசை ரூம்ல இருந்து வாயைத் தொடச்சுக்கிட்டு வந்தா. அப்பவே தெரிஞ்சு போச்சு. கேக்கணும்னா அது என்ன மாத்திரைன்னு சொல்லணும். சொன்னா வியாதியச் சொல்லணும். அம்மாவுக்கு அந்த வியாதின்னா எம்மகளை எவன் கட்டுவான்? மதுரை ஆஸ்பத்திரியில தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி மறுக்கா வாங்கி டப்பாவ நெறப்பி வச்சேன்."

"நெறப்பி வச்சீகளா?"

"கொறஞ்சா எங்க வீட்டுக்காரரு கேப்பாரே." அவள் குரல் அறுந்தது. "எனக்கு ஒவ்வொரு தடவையும் ரத்தம் பாத்துட்டுத்தான் குடுப்பாக. ரத்தத்தை என்னமோ செய்யும்னு எனக்குத் தெரியாமலா? இவ படுத்தன்னைக்கே மனசுக்குள்ள பட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா, இனி மாத்திரை கிடைக்காது, தானா சரியாயிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கொண்டாந்திருப்பான்னு நெனைக்கலை. சத்தியமா நெனைக்கலை." நிமிர்ந்து பார்த்தாள். "அது மட்டும்தானான்னும் தெரியலை லேப்பம்மா. ஆறு மாசமா நான் மட்டும் தனியாச் சாகுறேன். கண்ணாடி முன்னால நின்னு ஒருநா நெனச்சேன், அவளுக்கும் தெரியட்டுமே, எப்படி இருக்கும்னு. ஒரே ஒரு நாதான். அந்த ஒரு நா போதாதா?"

கோகிலாம்பாள் மாத்திரைகளைக் கைக்குள் மூடிக்கொண்டாள். இதற்குத் தீர்ப்புச் சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? மைக்ராஸ்கோப்பில் எல்லாம் தெரியும், தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது.

"டாக்டர் வந்ததும் மாத்திரை பேரை நான் சொல்லிருவேன்," என்றாள். "அது அவ உசிரு, அதை நான் மறைக்கமாட்டேன். யாருக்கு வாங்குனதுங்கிறது உங்களோடது. அதை நான் ஏட்டையாகிட்ட சொல்லமாட்டேன். அரளின்னும் எழுதமாட்டேன்."

"அழகுத்தா?"

"நீங்க வாய் தெறக்காட்டி, அவ உள்ள போவா."

*

ஐந்து மணிக்கு ஏட்டு வந்தார். பின்னால் அழகுத்தாய், அவளுக்குப் பின்னால் ராஜகுரு. டாக்டர் ஆனந்தகுமார் அதற்குள் மாத்திரையைப் பார்த்துவிட்டு, ஓட்டமாகப் போய் மதுரைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். சுமதியைத் தனி அறைக்கு மாற்றச் சொல்லியிருந்தார். வாசலில் யாரும் கை கழுவாமல் உள்ளே போகக் கூடாது என்றார்.

கோகிலாம்பாள் கையிலிருந்த மஞ்சள் பையையும் மாத்திரைகளையும் பார்த்ததும் ராஜகுருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனைவியின் கையைப் பிடித்து வராந்தா மூலைக்குக் கொண்டுபோனார். கோகிலாம்பாள் நகரவில்லை. அவரும் அவளை நகரச் சொல்லவில்லை. அவர் முகத்தில் கோபமில்லை. வெறும் பயம்தான்.

"வடிவு, நடந்தது நடந்துபோச்சு. மாத்திரைய நிறுத்திட்டா சுமதி பொழைச்சுக்கிடுவா. பன்னெண்டு நாளுதான். கஞ்சியில என்னமோ வாடை வந்துச்சுன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லு. மத்ததை நான் பேசிக்கிறேன். கல்யாணம் முடிஞ்சதும் நானே போய் அழகுத்தாயக் கூட்டிட்டு வந்துருவேன். எம்மேல ஆணை. தங்கச்செல்வியை நெனச்சுப் பாரு."

சண்முகவடிவு மகளை நினைத்துப் பார்ப்பது கோகிலாம்பாளுக்குத் தெரிந்தது. கண் எங்கோ போய்த் திரும்பியது.

"யம்மா, சொல்லுங்க," என்றார் ஏட்டு நோட்டைத் திறந்தபடி. "கஞ்சி குடிக்கையில நீங்க பக்கத்துல இருந்தீகளாமே. என்ன தெரிஞ்சது உங்களுக்கு?"

அழகுத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியக்காவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. சங்கையா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். ராஜகுரு மனைவியின் முக்காட்டை ஒழுங்குபடுத்துவதுபோலத் தலையைத் தொட்டார். அழுத்தித் தொட்டார்.

அவள் அந்தக் கையை எடுத்து, மெதுவாகக் கீழே விட்டாள். சேலை தோளுக்கு இறங்கியது. இருபத்தெட்டு நாளாகியும் ஒன்றும் முளைக்காத தலை, சாயங்கால வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. மறுபடி மூடிக்கொள்ளவில்லை.

"கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சுங்கய்யா," என்றாள். "நானும் குடிச்சேன்."